ஓர் இளம் எலி... மண்ணீரலில் ஒரு கட்டி... குற்றவாளி மருந்தா?

ஆய்வகத்தில் அரிதாகத் தென்படும் ஒரு சிறு புடைப்பு, நம் மாத்திரை அட்டையையும் சமையலறை அலமாரியையும் எப்படித் தொடுகிறது? சிறப்புக் கட்டுரை

90 நாள் ஆய்வு முடிந்த மறுநாள் காலை. நெக்ராப்ஸி (விலங்குப் பிரேதப் பரிசோதனை) அறையில் ஃபார்மலின் நெடி. எஃகு மேசையின் ஒரு பக்கம் தராசு, இன்னொரு பக்கம் எண் ஒட்டிய பிளாஸ்டிக் குப்பிகள். மயக்க மருந்தில் உயிர் பிரிந்த வெள்ளை எலிகள் ஒவ்வொன்றாக வருகின்றன. வயிற்றைத் திறந்து, இதயம், கல்லீரல், சிறுநீரகம் என்று வரிசை தப்பாமல் எடுத்து, எடை போட்டு, குப்பியில் இடுகிறார்கள். பேச்சே இல்லை. எண்ணைப் படிப்பவர் குரலும், அதைத் திருப்பிச் சொல்லி எழுதுபவர் குரலும் மட்டும்தான்.

ஓர் எலியின் இரைப்பைக்கு இடப்புறம் கையை விட்ட டெக்னீசியன் நிறுத்திவிடுகிறார். மண்ணீரல் நாக்கு வடிவில் நீண்டு, கருஞ்சிவப்பாக, வழவழவென்று இருக்க வேண்டும். இதில் ஒரு முனை வெளிறிப் புடைத்திருக்கிறது. தொட்டால் கெட்டியாக இருக்கிறது. பேத்தாலஜிஸ்டைக் கூப்பிடுகிறார்கள். அவர் அளவுகோலை வைத்துப் பார்த்து, இடம், அளவு, நிறம், கெட்டித்தன்மை என்று சொல்லச் சொல்ல ஏட்டில் ஏறுகிறது. ‘புற்று’ என்ற சொல்லை அந்த அறையில் யாரும் உச்சரிக்கவில்லை. கண்ணால் பார்த்ததை மட்டுமே இங்கே எழுத வேண்டும். நோயின் பெயரை மைக்ராஸ்கோப்தான் சொல்ல வேண்டும். அது விதி.

அந்த எலிக்கு வயது ஐந்து மாதம்கூட நிறைந்திருக்காது. ஆய்வக எலிகள் சாதாரணமாக இரண்டரை, மூன்று ஆண்டுகள் வாழும். ஆக, அது இளவட்டம். இந்த வயதில் மண்ணீரலில் கட்டி என்பது ஆயிரக்கணக்கான எலிகளை அறுத்துப் பார்த்த அனுபவசாலிகளுக்கே அபூர்வமான காட்சி.

இது ஏதோ ஓர் ஆய்வகத்தின் ரகசியக் கதை இல்லை. மருந்து, பூச்சிக்கொல்லி, உணவுச் சாயம் என எதைச் சோதிக்கும் இடத்திலும் என்றாவது ஒருநாள் நேரக்கூடியது. அந்த நாளில் எழும் கேள்வி ஒன்றுதான்: கட்டியைக் கொண்டுவந்தது கொடுத்த மருந்தா? இல்லை, மருந்தே கொடுக்காவிட்டாலும் இந்த எலிக்கு இது வந்திருக்குமா?

நமக்கு ஏன் இந்தக் கவலை?

‘எலிகளுக்குப் புற்றுநோய் வந்தது’ என்ற வரியைப் படிக்காத தமிழ் வாசகர் இருக்க முடியாது. செயற்கை இனிப்பு, மரபணு மாற்றிய சோளம், செல்போன் அலை என்று ஒவ்வொன்றின் பெயராலும் அந்த வரி வந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் அது வரும்போது பெரிய கட்டியோடு ஓர் எலியின் படமும் சேர்ந்து வரும். படத்தைப் பார்த்துச் சர்க்கரை நோயாளி ஒருவர் மாத்திரையை நிறுத்துகிறார். இன்னொரு வீட்டில் எண்ணெய் பாட்டில் குப்பைக்குப் போகிறது.

ஆனால், அந்தச் செய்திகளில் பெரும்பாலும் இல்லாத தகவல் ஒன்று உண்டு: எதுவுமே கொடுக்கப்படாத எலிகளில் எத்தனைக்கு அதே கட்டி வந்தது? அதைச் சொல்லாமல் மற்ற எதைச் சொன்னாலும் அரைச் செய்திதான். தானாக வரும் கட்டிகளின் கணக்கு நேர்மையாகவும் முழுமையாகவும் இருந்தால்தான், நஞ்சால் வரும் கட்டியை அடையாளம் காண முடியும். அந்தக் கணக்கில் விழும் ஓட்டை நம் உடம்பில்தான் விடியும்.

---
பெட்டிச் செய்தி: மண்ணீரல் என்ன செய்கிறது?

▪ வயதான, பழுதுபட்ட சிவப்பணுக்களை வடிகட்டி அழிக்கிறது. அவற்றிலுள்ள இரும்பைச் சேமித்துத் திருப்பித் தருகிறது.
▪ ரத்தத்தில் வரும் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களின் பாசறையும் இதுவே.
▪ வளர்ந்த மனிதர்களின் மண்ணீரல் சாதாரணமாக ரத்த அணுக்களை உற்பத்தி செய்வதில்லை. எலியின் மண்ணீரலோ வாழ்நாள் முழுக்க அந்த வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது.
▪ மனிதர்களுக்கு மண்ணீரலிலேயே தொடங்கும் புற்று அரிது. நாய்களுக்கு, குறிப்பாக ஜெர்மன் ஷெப்பர்டு, கோல்டன் ரிட்ரீவர் இனங்களுக்கு, மண்ணீரலில் ரத்தநாளப் புற்று அடிக்கடி வருகிறது.
---

மைக்ராஸ்கோப்பின் கீழ் நடக்கும் விசாரணை

ஃபார்மலினில் ஊறிய மண்ணீரலை நீர் நீக்கி, மெழுகுக் கட்டையில் பதித்து, மைக்ரோடோம் கருவியில் சீவுகிறார்கள். ஒரு சீவலின் தடிமன் 4 அல்லது 5 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு. ஹீமடாக்சிலின் சாயத்தில் செல்லின் கரு நீலமாகும். இயோசின் சாயத்தில் மற்ற பகுதி இளஞ்சிவப்பாகும். அந்த ஸ்லைடுதான் சாட்சி.

சாட்சி எளிதில் பேசிவிடாது. முதலில், இது கட்டிதானா என்பதே கேள்வி. எலியின் மண்ணீரல் ரத்தம் உற்பத்தி செய்யும் உறுப்பு. ரத்தசோகை வந்தால் அங்கே இளம் செல்கள் குவிந்து உறுப்பே வீங்கும். பழக்கமில்லாத கண்ணுக்கு அந்தக் கூட்டம் புற்று போலவே தெரியும். அடுத்து, கட்டிதான் என்றால், இங்கேயே பிறந்ததா, வேறெங்கிருந்தோ பரவி வந்ததா? இளம் எலிகளில் வரும் சில கட்டிகளில் லிம்போமா என்ற வெள்ளணுப் புற்று முக்கியமானது. அது நெஞ்சிலுள்ள தைமஸில் தொடங்கி மண்ணீரலில் வந்து குடியேறியிருக்கலாம். எனவே தைமஸ், நிணநீர் முடிச்சுகள், எலும்பு மஜ்ஜை, கல்லீரல் ஆகிய அனைத்தையும் பார்த்தாக வேண்டும்.

மண்ணீரலிலேயே பிறந்த கட்டி என்று உறுதியானாலும், எந்தச் செல்லிலிருந்து பிறந்தது என்பது தெரிய வேண்டும். ரத்தநாளச் சுவரிலிருந்து வந்தால் ஹீமாஞ்சியோமா, அல்லது அதன் கொடிய வடிவமான ஹீமாஞ்சியோசார்கோமா. நார்த்திசுவிலிருந்து வந்தால் ஃபைப்ரோமா, ஃபைப்ரோசார்கோமா. சாயத்தில் தெளிவாகாதபோது, குறிப்பிட்ட புரதங்களை மட்டும் பிடித்துக் காட்டும் ஆன்டிபாடிச் சோதனை கைகொடுக்கும். சிடி3 என்ற புரதம் தென்பட்டால் டி வகை வெள்ளணு. சிடி31 தென்பட்டால் ரத்தநாளச் செல்.

இதோடு முடியாது. முதல் பேத்தாலஜிஸ்டின் முடிவை இன்னொருவர் அதே ஸ்லைடைப் பார்த்துச் சரிபார்க்கிறார். கருத்து மோதினால் பல நிபுணர்கள் உட்கார்ந்து, எது எந்த எலியின் ஸ்லைடு என்று தெரியாத நிலையில் பார்த்து முடிவெடுக்கிறார்கள். ஒரே கட்டிக்கு ஆளுக்கொரு பெயர் சூட்டினால் உலகளாவிய கணக்கே குழம்பிவிடும் என்பதால், எலி, சுண்டெலி நோய்களுக்கான பொதுப் பெயர்ப் பட்டியலை ‘இன்ஹேண்ட்’ என்ற பன்னாட்டுத் திட்டம் வகுத்திருக்கிறது.

ஒரு நுணுக்கத்தையும் மறக்கக் கூடாது. வழக்கமான ஆய்வில் மண்ணீரலின் குறுக்கே பொதுவாக ஒரு சீவல்தான் பார்க்கப்படும். கண்ணுக்குத் தெரிந்த புடைப்பு இருந்தால் அதையும் சேர்த்துச் சீவுவார்கள். நெக்ராப்ஸி மேசையில் டெக்னீசியனின் விரல் அந்த இடத்தில் நிற்காமல் போயிருந்தால், அந்தக் கட்டி உலகுக்குத் தெரியாமலேயே போயிருக்கும். புற்று ஆராய்ச்சியின் முதல் வரியை எழுதுவது அந்த விரல்தான்.

மருந்தா? தானாக வந்ததா?

90 நாள் ஆய்வுக்கான ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) வழிகாட்டியின்படி, ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 10 ஆண், 10 பெண் எலிகள். மருந்து மூன்று அளவுகளில் மூன்று பிரிவுகளுக்கு. மருந்தே தராத ‘கன்ட்ரோல்’ பிரிவு ஒன்று. மொத்தம் 80 எலிகள்.

கட்டி வந்தது கன்ட்ரோல் எலிக்கு என்றால் மருந்துக்குப் பங்கில்லை. தீவனம் மாறிப்போனதா, கூண்டு எண் தவறியதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும். மருந்து தின்ற எலிக்கு வந்திருந்தால்தான் தலைவலி. அப்போது கேள்விகள் வரிசையாக வரும். அதிக அளவு தின்ற எலிகளுக்கு ஒன்றும் இல்லாமல், குறைந்த அளவு தின்ற ஒன்றுக்கு மட்டும் வந்ததா? அப்படியானால் மருந்தின் மேல் சந்தேகம் குறைகிறது. மற்ற எலிகளின் மண்ணீரலில் முன்னோட்டமான மாற்றங்கள் உண்டா? இரும்புப் படிவு, தழும்பு, செல் பெருக்கம் எதுவும் இல்லையென்றால் சந்தேகம் இன்னும் குறைகிறது. மருந்து மரபணுவைச் சிதைக்கும் என்று பாக்டீரியாச் சோதனை எச்சரித்ததா? எச்சரித்திருந்தால் சந்தேகம் கூடுகிறது.

காலமும் ஒரு சாட்சி. ரசாயனத்தால் வரும் புற்று பொதுவாக ஓரிரு வாரத்தில் கண்ணுக்குத் தெரியும் கட்டியாகிவிடாது. பல படிகள் தாண்டி மாதக்கணக்கில் வளரும். அதனால்தான் புற்றுநோய்க்கான முழு ஆய்வு இரண்டு ஆண்டுகள் நடக்கிறது. மருந்து தொடங்கிச் சில வாரங்களிலேயே பெரிய கட்டி தென்பட்டால், அது மருந்துக்கு முன்பே முளைவிட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும், ‘வாய்ப்பு அதிகம்’ என்பது தீர்ப்பு ஆகாது. மிகத் தீவிரமான சில ரசாயனங்கள் இளம் எலிகளிலும் வேகமாகக் கட்டி உண்டாக்கக்கூடியவை.

கடைசியாக, பழைய கணக்குகளைப் புரட்டுகிறார்கள். அதே ஆய்வகத்தில், அதே வம்ச எலிகளில், அண்மைய ஆண்டுகளில், கன்ட்ரோல் பிரிவுகளில் இந்தக் கட்டி எத்தனை முறை வந்தது? இதைத்தான் ‘ஹிஸ்டாரிகல் கன்ட்ரோல்’ என்கிறார்கள். ஐந்து மாத எலியின் மண்ணீரல் கட்டிக்கு அந்த ஏட்டில் பெரும்பாலும் பூஜ்யம்தான் இருக்கும். அங்கேதான் உலகில் வேறெங்கோ ஒருவர் ‘எதுவும் கொடுக்காத இளம் எலியில் இப்படி ஒன்றைக் கண்டேன்’ என்று எழுதி வெளியிட்ட ஒற்றைப் பக்க அறிக்கை விலைமதிப்பற்றதாகிறது. எழுதியவருக்கு அதனால் பெரிய புகழ் கிடைக்காது. ஆனால், ஒரு நல்ல மருந்து அநியாயமாகக் கைவிடப்படாமல் அது காப்பாற்றலாம். ஒரு கெட்ட மருந்து ‘இது தானாக வரும்’ என்ற சாக்கில் தப்பாமலும் தடுக்கலாம்.

---
பெட்டிச் செய்தி: கணக்கு சொல்லும் உண்மை

▪ கன்ட்ரோல் பிரிவில் 50 எலிகளில் ஒன்றுக்கும் கட்டி இல்லை; மருந்துப் பிரிவில் 50இல் 3 எலிகளுக்குக் கட்டி. இது தற்செயலாக நேர வாய்ப்பு சுமார் 12%. புள்ளியியல் இதை ‘நிரூபணம்’ என்று ஏற்காது. 50இல் 5 வந்தால்தான் அந்த வாய்ப்பு 5%க்குக் கீழே இறங்கும்.
▪ ஆனால், அந்தக் கட்டி ஆயிரத்தில் ஒன்றுக்கும் வராத ரகம் என்று பழைய கணக்கு சொன்னால், அந்த மூன்றே அபாயச் சங்கு.
▪ மறுபக்கமும் உண்டு. 40 வகை அரிய கட்டிகள், ஒவ்வொன்றும் ஆயிரத்தில் ஓர் எலிக்கு வரும் என்று வைத்துக்கொள்வோம். 50 எலிகளில் ஏதேனும் ஓர் அரிய கட்டியாவது தென்பட வாய்ப்பு சுமார் 86%. குறிப்பிட்ட ஒன்று அரிது. ஏதோ ஒன்று தென்படுவது அரிதே அல்ல.
▪ அதனால்தான் கன்ட்ரோல் எலிகளில் 1%க்கு மேல் வராத கட்டியை ‘அரிது’ என்று தனியே பிரித்து, அதற்கு வேறு அளவுகோல் வைக்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.
---

மண்ணீரலில் நஞ்சு விட்ட தடம்

மண்ணீரல் கட்டியைக் கண்டதும் பேத்தாலஜிஸ்டுகள் உஷாராவதற்கு வரலாறு உண்டு. சாயத் தொழிலின் மூலப்பொருளான அனிலீனை ஃபிஷர் 344 வம்ச எலிகளுக்குத் தீவனத்தில் கலந்து கொடுத்த அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வு 1978இல் வெளிவந்தது. எலிகளின் மண்ணீரலில் சார்கோமா என்ற இணைப்புத் திசுப் புற்றுக் கட்டிகள் வந்திருந்தன. அதே குடும்பத்தைச் சேர்ந்த பாரா-குளோரோஅனிலீனும் பின்னர் அதையே செய்தது. உதட்டுச் சாயத்தில் பயன்பட்ட ‘டி அண்ட் சி ரெட் 9’ என்ற சிவப்பு நிறமியும் ஆண் எலிகளின் மண்ணீரலில் சார்கோமா உண்டாக்கியது 1982இல் வெளியானது. 1988இல் அமெரிக்கா அந்த நிறமிக்கான அனுமதியை ரத்து செய்தது. எலியின் மண்ணீரல் சொன்ன சாட்சியால் ஓர் அழகுப்பொருள் நிறமி சந்தையை விட்டே போனது.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. இந்த ரசாயனங்கள் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. சிதைந்த அணுக்களை அள்ளுவது மண்ணீரலின் வேலை. அள்ள அள்ள அங்கே இரும்பும் நச்சின் மிச்சமும் சேர்கின்றன, ரத்தம் தேங்குகிறது, தழும்பு விழுகிறது, மாதக்கணக்கில் நீடித்த ரணத்தில் கடைசியாகக் கட்டி முளைக்கிறது. நஞ்சு வந்த வழியெல்லாம் தடம் இருக்கிறது. தானாக வந்த ஒற்றைக் கட்டியைச் சுற்றி அந்தத் தடம் இருக்காது. இரண்டையும் பிரித்துக் காட்டும் வலுவான ஆதாரங்களில் இது ஒன்று.

அனிலீனை நெடுங்காலம் ‘வகைப்படுத்த இயலாதது’ என்ற பிரிவில் வைத்திருந்த உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2020இல் கூடிய நிபுணர் குழுவின் முடிவுப்படி, ‘மனிதர்களுக்குப் பெரும்பாலும் புற்று உண்டாக்கக்கூடும்’ என்ற 2ஏ பிரிவுக்கு உயர்த்தியது. சாயப்பட்டறைகளும் ரசாயன ஆலைகளும் நிறைந்த எந்த ஊருக்கும் இது வெறும் எலிக்கதை இல்லை.

செங்கல்பட்டு கற்றுத்தரும் பாடம்

இதே வரிசையில் தமிழ்நாட்டோடு நேரடியாகத் தொடர்புடைய மருந்து ஒன்று உண்டு: டாப்சோன். தொழுநோய்க்குப் பலன் தரும் மருந்தே இல்லாதிருந்த உலகில், 1940களில் டாப்சோன் அடங்கிய சல்ஃபோன் மருந்துகள் நம்பிக்கை தந்தன. செங்கல்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அந்த மருந்துகளைக் கொடுத்து முன்னோடிச் சிகிச்சை நடத்தினார். அந்த வளாகம்தான் பின்னர் மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையமானது.

1977இல் டாப்சோனின் எலி ஆய்வு வெளியானது. ஆண் ஃபிஷர் எலிகளின் மண்ணீரலிலும் வயிற்று உறையிலும் சார்கோமா கட்டிகள். ‘எலிக்குப் புற்று வந்தது, மருந்தை நிறுத்து’ என்று அன்று முடிவெடுத்திருந்தால்? மருத்துவ உலகம் அப்படிச் செய்யவில்லை. எந்த அளவில், எந்த வழியில், எந்த வம்ச எலிக்குக் கட்டி வந்தது என்று பார்த்தது. பல ஆண்டுகள் டாப்சோன் சாப்பிட்ட மனிதர்களின் விவரங்களையும் பார்த்தது. மனிதர்களுக்குப் புற்று உண்டாக்குவதாகத் தீர்மானிக்கப் போதிய ஆதாரமில்லை என்ற 3ஆம் பிரிவில் புற்றுநோய் ஆய்வு முகமை அதை வைத்தது. 1980களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையில் ரிஃபாம்பிசின், க்ளோஃபாசிமினோடு டாப்சோனும் இடம்பெற்றது. அந்தச் சிகிச்சை கோடிக்கும் மேற்பட்டவர்களைத் தொழுநோயிலிருந்து மீட்டிருக்கிறது.

அதே சமயம், எலி சொன்ன எச்சரிக்கை வீணாகவில்லை. டாப்சோன் மனிதர்களின் சிவப்பணுக்களையும் சிதைக்கும் என்பதால், சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்சைம் குறைபாடு உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் மிகவும் கவனமாகவே கொடுக்கிறார்கள். சாட்சியை முழுசாகக் கேட்டவர்களுக்குத்தான் இப்படிச் சரியான தீர்ப்பு கிடைக்கும்.

பாதி எலிகளுக்கு வந்த ரத்தப்புற்று

தானாக வரும் நோயின் கணக்கு தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் மண்ணீரலே உதாரணம் தருகிறது. அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டம் பல பத்தாண்டுகள் ஃபிஷர் 344 எலிகளையே நம்பியிருந்தது. இந்த வம்சத்துக்கு முதுமையில் ஒரு ரத்தப்புற்று வரும். மண்ணீரலில் தொடங்கி, அதைப் பல மடங்கு வீங்க வைத்து, கல்லீரலுக்குப் பரவும். மருந்தே தராத ஆண் எலிகளில்கூட ஏறக்குறைய பாதிக்கு அது வந்தது.

பாதி எலிகளுக்குத் தானாகவே வரும் நோய், மருந்து தின்ற பிரிவில் இன்னும் கொஞ்சம் கூடினால் அதை எப்படி எடுத்துக்கொள்வது? ட்ரை கிளீனிங்கில் பயன்படும் டெட்ராகுளோரோஎத்திலீன் விஷயத்தில் இதே சண்டை நடந்தது. எலிகளின் இந்த ரத்தப்புற்றை வைத்து மனிதர்களுக்கான ஆபத்தை அளக்கலாமா என்பதில் 2010இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழுவின் நிபுணர்களே இரண்டுபட்டார்கள். 2012இல் வந்த அமெரிக்க அரசின் இறுதி மதிப்பீடு, சுண்டெலிகளின் கல்லீரல் கட்டிகளை அடிப்படையாகக் கொண்டது. நச்சியல் திட்டமோ ஃபிஷர் வம்சத்தை விட்டு வேறு எலிகளுக்கு மாறியது.

---
பெட்டிச் செய்தி: மூன்று எலி வம்சங்கள்

▪ விஸ்டார்: 1906 முதல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவிலுள்ள விஸ்டார் நிறுவனத்தில் வளர்க்கப்பட்டது. ஹெலன் டீன் கிங் என்ற பெண் விஞ்ஞானியின் உழைப்பு இதில் பெரிது.
▪ ஃபிஷர் 344: 1920இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உருவானது. 344 என்பது இணை சேர்த்த வரிசை எண்.
▪ ஸ்பிரேக்-டாலி: 1925இல் விஸ்கான்சின் மாநிலத்தில் தொடங்கிய வம்சம். முதுமையில் மார்பகக் கட்டியும் பிட்யூட்டரிக் கட்டியும் இதற்குச் சகஜம்.
---

தலைப்புச் செய்தியான எலிகள்

2012இல் பிரான்ஸின் செராலினி குழு வெளியிட்ட ஆய்வு நினைவிருக்கலாம். மரபணு மாற்றிய சோளம் தின்ற எலிகள் என்று, பெருங்கட்டிகளோடு வந்த படங்கள் உலகையே உலுக்கின. பயன்படுத்தியது ஸ்பிரேக்-டாலி எலிகள். இரண்டு ஆண்டுகள் வளர்க்கப்பட்டவை. அந்த வயதில் அந்த வம்சத்துக்கு மார்பகக் கட்டி தானாகவே வரும். பிரிவுக்கு ஆண் 10, பெண் 10 மட்டுமே இருந்ததால், தானாக வந்தது எது, தீவனத்தால் வந்தது எது என்று பிரிக்க வழியில்லை. 2013 நவம்பரில், அதை வெளியிட்ட இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டு வேறோர் இதழில் அது மீண்டும் வெளியானது. ஆனால், மக்கள் மனதில் தங்கியது படம் மட்டும்தான்.

இத்தாலியின் ரமஸ்ஸினி நிறுவனம் சுமார் 1,800 எலிகளுக்கு அஸ்பார்டேம் இனிப்பைக் கொடுத்து, இயற்கையாகச் சாகும்வரை காத்திருந்து, லிம்போமாவும் ரத்தப்புற்றும் கூடியதாக அறிவித்தது. 2006இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், அந்த எலிக்கூட்டத்தில் பரவலாக இருந்த நுரையீரல் நோய்தான் காரணமாக இருக்கலாம் என்றது. 2023 ஜூலையில் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டில் அஸ்பார்டேம் ‘புற்று உண்டாக்கும் சாத்தியமுள்ளது’ என்ற 2பி பிரிவுக்குப் போனது. அதே நாளில், உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு அமைப்பும் இணைந்த நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பில் மாற்றம் தேவையில்லை என்றது.

சாக்கரின் இன்னொரு கதை. 1977இல் ஆண் எலிகளின் சிறுநீர்ப்பையில் கட்டி வந்ததால் அமெரிக்கா தடை செய்ய முனைந்தது. எதிர்ப்பு எழுந்ததால் எச்சரிக்கை வாசகத்தோடு விட்டது. எலியின் சிறுநீரில் மட்டும் உருவாகும் படிவமே காரணம் என்று பின்னர் தெளிந்தது. 2000இல் அந்த வாசகம் நீங்கியது. உண்மை வந்து சேர 23 ஆண்டுகள்.

ஓர் எலியை மறைத்தால் என்ன?

1976இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் இண்டஸ்ட்ரியல் பயோ-டெஸ்ட் என்ற ஆய்வகத்தின் ஏடுகளை எஃப்.டி.ஏ. பேத்தாலஜிஸ்ட் அட்ரியன் கிராஸ் ஆராய்ந்தார். செத்த எலிகளின் இடத்தில் புது எலிகள். அழுகிப்போன உடல்கள். செய்யாத சோதனைகளுக்கு முடிவுகள். நூற்றுக்கணக்கான பொருட்களின் பாதுகாப்புச் சான்றுகள் ஒரே நாளில் சந்தேகத்துக்குள்ளாயின. 1983இல் அந்த நிறுவனத்தின் முன்னாள் அதிகாரிகள் மூவர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது.

அந்த அதிர்ச்சியில் பிறந்ததுதான் ஜி.எல்.பி. என்ற நல்லாய்வக நெறி. ஒவ்வோர் எலிக்கும் எண், ஒவ்வோர் எடைக்கும் கையெழுத்து, ஒவ்வொரு ஸ்லைடும் மெழுகுக் கட்டையும் ஆவணக் காப்பறையில். இந்தியாவில் இதைக் கண்காணிக்கும் தேசிய ஆணையம் 2002 முதல் இயங்குகிறது. 2011இல் ஓ.இ.சி.டி.யின் தரவுப் பரஸ்பர ஏற்பு முறையில் இந்தியா முழு உறுப்பினரானது. இங்கே ஓர் எலியின் மண்ணீரலைப் பற்றி எழுதப்படும் ஒரு வரியை அங்கே பல நாட்டு அரசுகள் நம்பி முடிவெடுக்கின்றன. பொறுப்பு அத்தனை பெரியது.

எலிகள் குறையும்போது...

விலங்குச் சோதனையைக் குறைக்க வேண்டும் என்ற குரல் உலகெங்கும் வலுத்திருக்கிறது. அது நியாயமான குரல். 2014இல் இந்தியா அழகுப்பொருட்களுக்கான விலங்குச் சோதனையைத் தடை செய்தது. 2023இல் திருத்தப்பட்ட புதிய மருந்து விதிகள், செல் வளர்ப்பு, கணினி மாதிரி போன்ற மாற்று முறைகளுக்கு வழி திறந்தன. தகுந்த ஆதாரம் இருந்தால் இரண்டாண்டு எலி ஆய்வையே தவிர்க்கலாம் என்று மருந்துகளுக்கான பன்னாட்டு நெறிமுறை 2022இல் சேர்த்தது.

எலிகள் குறையக் குறைய, மிச்சமுள்ள ஒவ்வோர் எலியும் சொல்வது கனமாகிறது. இரண்டாண்டு ஆய்வு இல்லாதபோது, 90 நாள் ஆய்வில் தென்படும் ஒரே ஒரு கட்டியை வைத்தே முடிவெடுக்க நேரலாம். அந்தக் கட்டி தானாக வரக்கூடியதா என்று சொல்ல, இதுவரை செத்த லட்சக்கணக்கான கன்ட்ரோல் எலிகளின் கணக்கு வேண்டும். அவை ஏற்கெனவே உயிரைக் கொடுத்துவிட்டன. அந்தத் தகவலைப் பூட்டி வைப்பதும் தொலைப்பதும் அவற்றுக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை.

அமெரிக்க நச்சியல் திட்டம் தன் கன்ட்ரோல் எலிகளின் கட்டிக் கணக்கைப் பொதுவில் வைத்திருக்கிறது. ஜெர்மனியின் ஹனோவரில் பல நிறுவனங்கள் சேர்ந்து ‘ரீட்டா’ என்ற பொதுப் பதிவேட்டை நடத்துகின்றன. இந்திய மண்ணில், இந்தியத் தீவனம் தின்று வளரும் எலிகளின் கணக்கும் அப்படிப் பொதுவில் வர வேண்டும். ஜி.எல்.பி. சான்று பெற்ற ஆய்வகங்களும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகங்களும் கைகோத்தால் முடியாத காரியமில்லை. மருந்தின் பெயரோ நிறுவனத்தின் ரகசியமோ அதில் வெளியாகப் போவதில்லை. எதுவும் கொடுக்காத எலிகளின் விவரம்தான் அது. இளம் எலியில் அரிய கட்டியைக் காணும் பேத்தாலஜிஸ்டுகள் அதை ஆய்வு அறிக்கையின் பின்னிணைப்போடு விட்டுவிடாமல் இதழ்களில் எழுத வேண்டும். அதற்கான நேரத்தையும் அனுமதியையும் நிறுவனங்கள் தர வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ‘எலிக்குப் புற்றுநோய்’ என்ற செய்தி வந்தால், பயப்படுவதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். எதுவும் கொடுக்காத எலிகளில் எத்தனைக்கு வந்தது? மொத்தம் எத்தனை எலிகள்? என்ன வம்சம், என்ன வயது? எலிக்குக் கொடுத்த அளவு, நாம் உட்கொள்ளும் அளவைப்போல எத்தனை மடங்கு? நான்குக்கும் பதில் இருந்தால் அந்தச் செய்தியை நம்பிப் பேசலாம். பதில் இல்லையென்றால், மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். அந்தச் செய்தியை அடுத்தவருக்கு அனுப்பவும் செய்யாதீர்கள்.